சௌத்ரி வரும் நேரம்

சுதந்திர தினத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளிக்கூடத்து மைக் செட் ஊமையாகிவிட்டது. தலைமையாசிரியை அதை குணமதி டீச்சர் தலையில் கட்டினார். டீச்சர் ரிக்‌ஷா பிடித்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தேரடித் தெருவில் இருந்த தசரதனின் ரேடியோ கடைக்குப் போனாள். கடையில் ஒரு ஸ்டூல்தான் இருந்தது. உட்கார்ந்தாள். ஸ்டூல் பூனை மாதிரி கத்தியது.

துள்ளி எழுந்தவளைப் பார்த்து தசரதன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். குணமதி ஸ்டூலைக் கவிழ்த்துப் பார்த்தாள். அடிப்பலகையில் ஒரு சின்ன சுவிட்ச், இரண்டு டிரான்சிஸ்டர், பொடி டப்பி அளவுக்கு ஒரு ஸ்பீக்கர்.

"இது எப்படிங்க பூனைக் குரல்ல கத்துது? மணி அடிக்கிற மாதிரின்னா புரியுது. இது இழுத்து இழுத்துல்ல கத்துது?"

"இத்தனை பேரு உட்கார்ந்து எழுந்துட்டாங்க. எப்படின்னு கேட்ட மொத ஆளு நீங்கதான் டீச்சர்" என்றான் தசரதன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறை முழுக்க அவன் செய்து வைத்த வேடிக்கைகள் கிடந்தன. வெளிச்சம் பட்டால் திரும்பி ஓடும் தகர ஆமை, மழைத் துளி விழுந்தால் அலறும் பெட்டி, தீப்பெட்டிக்குள் அடங்கிய ரேடியோ, கம்பியே இல்லாமல் மணியடித்து வாடிக்கையாளரை ஏமாற்றும் டெலிபோன். ஊரை ஏமாற்றிச் சிரிப்பதற்காகவே பிறந்தவன்போல அவன் அந்த அறையில் வாழ்ந்துகொண்டிருந்தான். பக்கத்துக் கடையில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் சாந்த் பாஷா அவனுக்குக் கூட்டாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் குணமதியும் மூன்றாவது ஆளாகச் சேர்ந்தாள். ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். விரல் பொசுங்கினால் சேலைத் தலைப்பில் ஒற்றிக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

அவள் கணவன் ஆதிராஜ் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தான். மனைவி எதைக் கேட்டாலும் "செய்யேன்" என்று சொல்லும் மனிதன். கல்யாணமாகிப் பல வருஷங்கள் ஆகியும் அவர்களுக்குக் குழந்தை இல்லை என்று ஊர் சொன்னது. ஒன்று பிறந்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆதிராஜும் பேசவில்லை. பேசினால் அவள் உடைந்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் அவனைப் பற்றி அதையே நினைத்தாள்.

ஹாம் ரேடியோ ஆசையை மூட்டிவிட்டதும் தசரதன்தான். வீட்டில் உட்கார்ந்தபடியே, சொந்தமாகச் செய்த கருவியால் எங்கோ இருக்கும் முகம் தெரியாத மனிதரோடு மோர்ஸ் என்ற தந்திக் குறியில் தட்டிப் பேசலாம். பரீட்சை எழுதி சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மூன்று பேரும் சேர்ந்து படித்தார்கள். மேசையில் தட்டினார்கள், டம்ளரில் தட்டினார்கள். மதராஸ் போய்ப் பரீட்சை எழுதினார்கள். குணமதிக்கும் தசரதனுக்கும் லைசென்ஸ் வந்தது, ஆளுக்கொரு அழைப்புக் குறியோடு. காதால் கேட்டு வேகமாகப் பிடிக்க முடியாமல் பாஷா தோற்றான். "எனக்கு ஒவ்வொரு எழுத்தா எழுதிப் பார்த்தாத்தான் வரும்" என்று சிரித்தான்.

ஆதிராஜ் கடையிலிருந்து கொடுத்த அலுமினியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் குணமதி தன் கருவியை முடித்தாள். தெருக் கரண்டில் ஓட்டினால் ஓயாத இரைச்சல் என்று பழைய கார் பேட்டரி ஒன்றில் ஓட்டினாள். கேட்கும் ரேடியோ செல்லில் ஓடியது. திருவூடல் தெரு வீட்டு மாடியிலிருந்து அடுத்த வீட்டுத் தென்னை மரம் வரைக்கும் ஏரியல் கம்பி இழுத்தாள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிடும். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஏழு மணிக்கு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காருவாள். யாராவது இருக்கிறீர்களா, யாராவது இருக்கிறீர்களா என்று தட்டுவாள்.

யாரும் இல்லை. கொழும்பு கேட்டது, பெங்களூர் கேட்டது, ஒருமுறை ரஷ்யாக்காரன்கூடக் கேட்டான். அவர்களுக்கு இவளைக் கேட்கவில்லை. விடிவிளக்குக்கு வேண்டிய சக்திகூட அந்தப் பெட்டியில் இல்லை. மாதங்கள் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் தசரதன் தன் பெரிய வால்வு செட்டில் பிடித்த ஊர்களைச் சொல்லும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டு கம்பிகளைச் சுத்தம் செய்துகொண்டிருப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, அவளுடைய அழைப்புக் குறியை யாரோ திருப்பித் தட்டினார்கள்.

முதலில் தன் மூளைதான் தட்டுகிறது என்று நினைத்தாள். மறுபடி வந்தது. மெல்லிய ஒலி, ஏறி இறங்கி, மழைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல. அஸ்ஸாம், திப்ருகர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் சௌத்ரி. உங்கள் ஒலி பலவீனம், ஆனால் தெளிவு.

பேசி முடித்ததும் கீழே ஓடினாள்.

"அஸ்ஸாமுங்க! என் பெட்டி அஸ்ஸாம் வரைக்கும் போயிடுச்சுங்க!"

ஆதிராஜுக்கு அஸ்ஸாம் எந்தத் திசை என்றுகூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் மறுநாள் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை குணமதி தசரதனுக்கும் பாஷாவுக்கும் ஒரு பொட்டலம் எடுத்துப் போனாள். தசரதன் பொட்டலத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்தான். பிறகு கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டான்.

"நம்ம மூணு பேர்ல நீங்கதான் டீச்சர் கில்லாடி" என்றான்.

சௌத்ரி வாரத்தில் மூன்று நான்கு நாள் வந்தார். தோட்டத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரு காலில் பழைய காயம், மழை வந்தால் வலிக்கும். வேலிக்கு வெளியே சிறுத்தை வந்துபோன தடத்தைப் பற்றிச் சொல்வார். தசரதனின் கை தையல் மெஷின் மாதிரி ஓடும், இவருடையது நிதானம். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் யோசிக்கிற மாதிரி சின்ன இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் ஒரு வயதான மனிதர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது குணமதிக்குத் தெரிந்தது. பேசியதற்கு அத்தாட்சியாக அவரிடமிருந்து கார்டு வந்தது, அந்த ஊர் தபால் முத்திரையோடு. அதைச் சுவரில் ஒட்டிவைத்தாள். மலையைச் சுற்றப் போகும்போது, அடி அண்ணாமலை தாண்டி நடக்கையில், இன்றைக்கு சௌத்ரியிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே நடப்பாள்.

மாசி மாதத்தில் ஒருநாள் அவர் கேட்டார்: பிள்ளைகள் உண்டா?

இல்லை என்று தட்டினாள். எல்லோருக்கும் சொல்வது அதுதான். மறுநாள் அவர் வந்ததும், நேற்று நான் சொன்னது சரியில்லை என்று ஆரம்பித்தாள். வாயால் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள். கையால், ஒவ்வோர் எழுத்தாக, சொல்ல முடிந்தது. பெண் குழந்தை. மூன்று நாள் இருந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்டது என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். நான் வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது. ஜெயமதி.

அந்தப் பெயரை அவள் முதன்முறையாகத் தன்னைத் தவிர இன்னொருவருக்குச் சொன்னாள். ஹெட்ஃபோனில் வெகுநேரம் இரைச்சல் மட்டும் இருந்தது. பிறகு, நல்ல பெயர் என்று வந்தது. அன்றைக்கு வேறு எதுவும் பேசவில்லை. அவள் மாடியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இறங்கினாள். நெஞ்சிலிருந்து ஒரு கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

சித்திரை வெயிலில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. ஒருநாள் சௌத்ரி தோட்டத்து மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். மழை என்ற சொல்லின் நடுவில் நின்றார். அதே நொடியில் அறையில் விளக்கு அணைந்தது. விசிறி நின்றது.

அவளுடைய செட் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஹெட்ஃபோனில் இரைச்சல் இருந்தது, கொழும்புக்காரர் ஒருவர் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தது கேட்டது. சௌத்ரி மட்டும் இல்லை. அலை மங்கியிருக்கும் என்று இருட்டில் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து தெருவில் பிள்ளைகள் "ஓ" என்று கத்த, விளக்கு வந்தது. விசிறி ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கவில்லை, காதில் சௌத்ரி.

மன்னிக்கவும், அலை மங்கிவிட்டது என்றார்.

குணமதியின் கை தட்டும் கீயின் மேலேயே இருந்தது. பதில் தட்டவில்லை. அஸ்ஸாமிலும் இதே நேரத்தில் கரண்ட் போயிருக்கலாமே என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். அப்படியானால் அலை மங்கியது என்று ஏன் சொல்ல வேண்டும்? தலை வலிக்கிறது, நாளை பேசுவோம் என்று தட்டிவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

மறுநாள் வகுப்பில் பாடம் நடத்தினாள், நோட்டுத் திருத்தினாள். எதுவும் மனதில் நிற்கவில்லை. ஊரில் கரண்டில் ஓடும் செட் வைத்திருந்தவன் ஒருவன்தான். ஏழு மணிக்கு மாடிக்குப் போகாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தேரடித் தெருவுக்குப் போனாள்.

பூக்காரிகளும் வண்டிகளுமாகத் தெரு நெரிசலாக இருந்தது. தசரதன் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அடியில் வெளிச்சம். அவள் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் வந்தது. பீப், பீப். நிதானமான கை. நடுவில் சின்ன இடைவெளி. அவளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தன் பெயரைவிட நன்றாகத் தெரிந்த அந்தக் குறியை, கடைவீதி நடுவில் நின்று, ஒரு தகர ஷட்டர் வழியாகக் கேட்டாள்.

"இன்னைக்கு இன்னா டீச்சரைக் காணோம்?" என்றது பாஷாவின் குரல்.

"வருவாங்க பாய். தலைவலின்னாங்களே" என்றான் தசரதன்.

குணமதி குனிந்து உள்ளே போனாள்.

பின்னறையில் தசரதன் இடது கையைக் கீயில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஏரியல் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு டார்ச் பல்பு மாட்டியிருந்தான். அந்தப் பல்பு எரியும்போது கசியும் அலையே நாலு தெரு தாண்டித் திருவூடல் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும், அதற்கு மேல் போகாது. அவளைப் பார்த்ததும் கையை எடுக்க மறந்துவிட்டான். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

"சௌத்ரி சாரைப் பார்க்க வந்தேன்" என்றாள்.

பாஷா எழுந்து நின்றான்.

"டீச்சர், உட்காருங்க. சொல்றேன். கெட்ட எண்ணத்துல பண்ணல. மாசக்கணக்கா ஒருத்தரும் பதில் சொல்லலியேன்னு முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தீங்க. ஒருநாள் குஷிப்படுத்திட்டு, ஞாயித்துக்கிழமை வந்ததும் சொல்லிச் சிரிச்சிக்கலாம்னுதான் இருந்தேன். நீங்க ஜிலேபி எடுத்துக்கினு வந்துட்டீங்க. அப்பால எப்படிச் சொல்றது?"

"அந்தக் கார்டு?"

"மச்சான் மிலிட்டரில அங்கதான் இருக்கான். அவன் போட்டான்."

"ஏறி இறங்கி வருமே, அது?"

அவன் ஒரு குமிழைத் தொட்டுக் காட்டினான். வலது கையால் அதைத் திருகிக்கொண்டே இடது கையால் தட்டியிருக்கிறான். அவ்வளவு தூரத்தையும் விரல் நுனியில் செய்திருக்கிறான்.

"சரி. விளையாட்டுன்னே வெச்சிக்குவோம். நான் குழந்தையைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சப்ப நிறுத்தியிருக்கலாமே. ஏதாவது தட்டியிருக்கலாமே. கேக்கலன்னு சொல்லியிருக்கலாமே."

"முடியல டீச்சர். நீங்க சொல்லிக்கிட்டே இருந்தீங்க. நடுவுல எப்படி..."

"கேட்டது நீங்க. பிள்ளை உண்டான்னு கேட்டது நீங்கதானே? நீங்க ஊர்க்காரர். தெரியாதா உங்களுக்கு?"

அவன் அப்போதுதான் கீயிலிருந்து கையை எடுத்தான். பல்பு அணைந்தது.

"அன்னிக்கு யார் யாரு இருந்தீங்க?"

"நானும் இருந்தேன் டீச்சர்" என்றான் பாஷா. "எழுதிப் படிச்சாத்தானே எனக்கு வரும். எழுத்தெழுத்தா எழுதிக்கிட்டே வந்தேன். பேரு முடிஞ்சதும்தான் இன்னா எழுதறேன்னு புரிஞ்சுது. அல்லா சத்தியமா அப்பவே கிழிச்சிட்டேன்."

கிழித்த காகிதத்தில் தன் பெண்ணின் பெயர் இருந்தது என்பது மட்டும் குணமதிக்குப் புரிந்தது. அவள் திரும்பி நடந்தாள். தசரதனுக்கு அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நான் மறைக்கணும்னு நினைக்கல டீச்சர். அண்ணன்கிட்டச் சொன்னேன். ஆதிராஜ் அண்ணனுக்குத் தெரியும். அவருதான் விட்டுடு, சந்தோஷமா இருக்கான்னாரு."

தெருவில் எப்படி நடந்து வந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. ஆதிராஜ் கடையடைத்து வந்து, கூடத்தில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தான்.

"உங்களுக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

எது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"பொங்கலுக்கு அப்புறம்" என்றான்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது குணா? அந்த ரூமை விட்டு எறங்கி வரப்ப சிரிச்சிக்கிட்டு வந்தே. அதைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? நான் கொடுக்க முடியாததை எவனோ கொடுக்கறான், கொடுத்துட்டுப் போறான்னு விட்டுட்டேன்."

"அவர்கிட்ட நான் என்ன பேசினேன்னு தெரியுமா?"

"அதெல்லாம் கேக்கல. ரேடியோல இன்னா பேசுவாங்க, மழை, வெயிலு..."

"பாப்பாவைப் பத்திச் சொன்னேன். பேரைச் சொன்னேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "பேரா? நாம பேரே வைக்கலியே."

"நான் வெச்சேன்."

அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்து அவள் பக்கத்தில் வந்தான்.

"இன்னா பேரும்மா?"

"தசரதனைக் கேளுங்க" என்றாள் குணமதி. "பாஷா பாய்க்கும் தெரியும்."

அவன் தசரதனைக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்குமோ என்று பயந்தவன்போல, கடைக்குப் போகும் வழியை மாற்றிக்கொண்டான். அன்றிலிருந்து தேரடித் தெருப் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டு போனான்.

பாஷா ஒருநாள் வீட்டு வாசலில் வந்து நின்றான். குணமதி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு, "சர்க்காருக்கு எழுதிப் போடாதீங்க டீச்சர், அவன் கடையை மூடிடுவாங்க, போலீசு வரும்" என்றான். பொய்க் குறி வைத்துத் தட்டியதற்கு லைசென்ஸ் போகும், ஜெயில்கூட உண்டு என்பது அவளுக்கும் தெரியும். எந்த ஆபீசுக்கு எழுத வேண்டும் என்பதும் தெரியும். இரண்டு முறை எழுத உட்கார்ந்தாள். என்ன பேசினீர்கள், எதைச் சொல்லி ஏமாந்தீர்கள் என்று கேட்பார்கள். ஜெயமதியின் பெயரை யாரோ ஒரு குமாஸ்தா ஃபைலில் கட்டி அலமாரியில் வைப்பான். பேனாவை மூடி வைத்துவிட்டாள். அதை மன்னிப்பு என்று பாஷா ஊரில் சொல்லிக்கொண்டான். அவள் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து மைக் செட் மறுபடி கெட்டபோது அதை வேலூருக்கு அனுப்ப வைத்தாள்.

ஏரியலை அவிழ்த்தாள். கார்டைச் சுவரிலிருந்து பிய்த்தபோது சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்து வந்தது. ஆனால் ஏழு மணியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நேரத்துக்குப் பாழும் மனசு தானாக மாடிக்குப் போனது. மழை வந்தால், சௌத்ரிக்குக் கால் வலிக்குமே என்று ஒரு கணம் தோன்றியது. அந்த மனிதர் இல்லை, என்றுமே இருந்ததில்லை என்று உடனே தன்னையே அதட்டிக்கொண்டாள். இருந்து செத்தவருக்கு அழலாம். இவருக்கு எப்படி அழுவது? ஏமாற்றியதைக்கூட அவளால் ஒருநாள் விழுங்கிவிட முடியும் என்று பட்டது. தேரடித் தெரு மூலையில் அவள் தலை தெரிந்ததும் சந்துக்குள் நுழைந்து ஒளியும் அந்த ஆள்தான், தன்னிடம் நல்ல பெயர் என்று சொன்ன கிழவர் என்பதை விழுங்க முடியவில்லை.

மார்கழிப் பனியில், அரைப் பரீட்சை லீவில், ஒருநாள் அவளாகவே ஏரியல் கம்பியை எடுத்தாள். பெட்டி அவள் செய்தது. லைசென்ஸ் அவள் எழுதி வாங்கியது. இதையும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதா என்று இருந்தது. ஆதிராஜ் ஒன்றும் கேட்காமல் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

சில வாரம் யாரும் வரவில்லை. அது அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு ஒரு மாலை, இரைச்சலுக்கு அடியிலிருந்து, அவள் குறியை யாரோ தட்டினார்கள். பாதி எழுத்து வந்தது, பாதி போனது. நெல்லூர். பெயர் ராவ். உங்கள் ஒலி மிகவும் பலவீனம்.

எத்தனையோ மாதம் இதற்காகத்தான் உட்கார்ந்திருந்தாள். இப்போது நெஞ்சு துள்ளவில்லை. காதைக் கூர்மையாக வைத்து, அந்தக் கையின் நடையை, இடைவெளிகளை, திருடனைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. தன் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். இங்கே பனி என்றாள். அவர் மகிழ்ச்சியாகத் தட்டிக்கொண்டே போனார். தனக்கு இரண்டு பெண்கள் என்றார், உங்கள் வீட்டில் யார் யார் என்று கேட்டார்.

குணமதி கொஞ்ச நேரம் கையைத் தூக்கி வைத்திருந்தாள். பிறகு, வாழ்த்துகள், வணக்கம் என்று மட்டும் தட்டிவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

கதவருகில் ஆதிராஜ் நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"யாரு குணா?"

"தெரியல" என்றாள், ஹெட்ஃபோனைக் கழற்றிச் சுருட்டியபடியே. "நெல்லூர்னு சொல்றாங்க."